உங்களுக்குத் தெரியுமா? குடுவைக்குள் ஒரு வானம்

இந்த முறை துணுக்குகள் எல்லாம் சீனாவின் பழைய தோட்டங்களைப் பற்றியும் அவற்றை வரைந்த ஓவியர்களைப் பற்றியும். பூச்செடிப் பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம். கல், சுவர், தண்ணீர், நிலா, மழைச் சத்தம் என்றுதான் போகும்.

● பிரபஞ்சத்துக்குச் சீன மொழியில் 'யூஜோ' என்று பெயர். அதில் 'யூ' இடத்தைக் குறிக்கும், 'ஜோ' காலத்தைக் குறிக்கும். 2,100 ஆண்டுகளுக்கு முந்தைய 'ஹுவாய்நான்சி' என்ற நூலிலேயே இந்தப் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. திசைகளெல்லாம் யூவின் பங்கு, நேற்றும் இன்றும் ஜோவின் பங்கு. அந்த எழுத்துகளுக்கு இன்னும் பழைய பொருளைத் தேடிப் போனால் யூ என்பது வீட்டு இறவாரம், ஜோ என்பது கூரையைத் தாங்கும் உத்திரம். அண்டமே ஒரு கூரை வீடு என்றால், கொல்லைப்புறத்தில் மலையையும் ஆற்றையும் கொண்டுவந்து வைப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

● பின் ஹான் வம்ச வரலாற்றில் ஒரு கதை. சந்தையில் மருந்து விற்கும் கிழவர் ஒருவர் கடையில் ஒரு சுரைக்குடுவையைத் தொங்கவிட்டிருப்பார். சந்தை கலைந்ததும் அதற்குள் குதித்துவிடுவார். யாருக்கும் தெரியாது. மாடியில் இருந்த ஃபெய் சாங்ஃபாங் என்ற சந்தை அதிகாரி மட்டும் பார்த்துவிட்டார். மதுவும் இறைச்சியும் கொண்டுபோய்க் கிழவரின் மனதைக் குளிரவைக்க, அவர் இவரையும் குடுவைக்குள் அழைத்துப் போனார். உள்ளே ஒரு மாளிகை, விருந்து, வேண்டிய மட்டும் மது! பிறகு கிழவரோடு மலைக்குப் போய் வித்தை கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார் ஃபெய். போய்ப் பத்து நாள் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஊரிலோ பத்து வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. சிறிய தோட்டத்தைக் 'குடுவைக்குள் உலகம்' என்று சீனர்கள் சொல்வது இந்தக் கதையை வைத்துத்தான். வாசலையே சுரைக்குடுவை வடிவத்தில் வெட்டிய தோட்டங்களும் உண்டு.

● மூன்றே எட்டில் கடக்கக்கூடிய பாலம் ஒன்று சூஜோ நகரத்து வலைஞர் தோட்டத்தில் இருக்கிறது. 'மூன்றெட்டுப் பாலம்' என்றே அதற்குப் பெயர். கல் கட்டுமானம், வளைவு, கைப்பிடி என ஒரு பெரிய பாலத்துக்கு உண்டான எல்லாமே பொம்மை அளவில் இருக்கும். அது குளத்தின் மூலையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பாலம் சிறுத்தால் பக்கத்திலுள்ள குளம் பெருத்துத் தெரியும். குளத்தின் மூலைகளைப் பாலத்துக்கு அடியிலும் பாறைக்குப் பின்னாலும் ஒளித்துவிட்டதால் தண்ணீர் எங்கே முடிகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அங்கிருந்து இன்னும் எங்கோ ஓடுகிறது என்றுதான் தோன்றும். மொத்தத் தோட்டமும் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வீடும் சேர்த்து! நம்ப முடியாது. 1997-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சூஜோவிலிருந்து முதலில் ஏறிய நான்கு தோட்டங்களில் இதுவும் ஒன்று. 2000-இல் இன்னும் ஐந்து சேர்ந்து, இப்போது ஒன்பது.

● அதே குளக்கரையில் ஒரு மண்டபம். நிலாவும் காற்றும் வந்து சேரும் இடம் என்பது அதன் பெயரின் பொருள். உள்ளே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். பௌர்ணமி இரவில் வானத்தில் ஒரு நிலா, குளத்தில் ஒரு நிலா, கண்ணாடியில் ஒரு நிலா. செலவு: ஒரு கண்ணாடி.

● சீனத் தோட்டக்கலைக்கு இலக்கணம் எழுதியவர் ஜி செங். 1582-இல் பிறந்த இவர் முதலில் ஓவியர். பிறகு கல், மண் பக்கம் வந்தார். 1630-களில் வெளியான 'யுவான்யே' என்ற அவருடைய நூலில் சாளரப் பின்னல், கைப்பிடி, தரைக்கல் எனப் படங்கள் மட்டுமே 200-க்கு மேல். அதன் கடைசி அத்தியாயம் 'கடன் வாங்கும் காட்சி' பற்றியது. தூரத்து மலையைக் கடன் வாங்கலாம். பக்கத்து வீட்டு மரத்தை வாங்கலாம். அண்ணாந்து மேகத்தை வாங்கலாம். குனிந்து குளத்தை வாங்கலாம். இந்த நான்கும் இடம் சம்பந்தப்பட்டவை. ஐந்தாவதாக ஒன்று சொல்கிறார், எனக்கு அதுதான் பிடித்தது: பருவத்தையும் கடன் வாங்கலாம்! எந்த மாதத்தில் எது பூக்கும், எந்தப் பறவை வரும் என்று கணக்குப் பண்ணி, காலத்தையும் தோட்டத்துக்குள் வரவு வைக்கச் சொல்கிறார். வட்டி கிடையாது, திருப்பியும் தர வேண்டாம். இத்தனை பெரிய நூலைச் சீனாவிலேயே மறந்துபோனார்கள். ஜப்பானில் பிரதிகள் பிழைத்திருந்ததால்தான் 1930-களில் மறுபடியும் அச்சேறியது.

● கடன் வாங்கியதற்கு உதாரணம் காட்டச் சொன்னால் எல்லோரும் காட்டுவது சூஜோவின் 'எளிய அதிகாரியின் தோட்ட'த்தைத்தான். கிழக்குப் பக்கம் நின்று குளத்தின் மேலாக மேற்கே பார்த்தால், மரங்களுக்கு நடுவில் ஒன்பது அடுக்குக் கோபுரம் ஒன்று தெரியும். தோட்டத்துக்குள்ளே இருப்பது போலவே இருக்கும். 76 மீட்டர் உயரமுள்ள அந்த வடகோயில் பகோடா நிற்பதோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், வேறொருவர் மனையில். நடுவில் உள்ள வீடுகள், தெரு, கடை எல்லாவற்றையும் மரங்கள் மறைத்துவிடுகின்றன.

● இந்தத் தோட்டத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கேலியும் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதவியில் மனம் கசந்து ஊர் திரும்பிய வாங் ஷியான்சென் என்ற அதிகாரி, பான் யூ என்ற பழைய கவிஞரின் எழுத்திலிருந்து இந்தப் பெயரை எடுத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, காய்கறி விற்று அமைதியாக வாழ்வதுதான் சாமர்த்தியம் இல்லாதவனுக்கு ஏற்ற அரசியல் என்பது பான் யூவின் கருத்து. ஆனால் எழுதியவரால் அரசியலை விட முடியவில்லை. கி.பி. 300-இல் சதி வழக்கில் மாட்டி மரண தண்டனை பெற்றார். வாங் ஷியான்செனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவருடைய மகன் ஒரே இரவில் சூதாட்டத்தில் இந்தத் தோட்டத்தைத் தோற்றான் என்று மட்டும் சூஜோவில் சொல்வார்கள்.

● அந்தத் தோட்டம் கைமாறியது, துண்டானது, மறுபடி கட்டப்பட்டது. முதலில் எப்படி இருந்தது என்று தெரிவதற்கு ஒரே காரணம் வென் ஜெங்மிங். 1470-இல் பிறந்து 89 வயது வரை வாழ்ந்த ஓவியர், கவிஞர், வாங் ஷியான்செனின் நண்பர். 1533-இல் இந்தத் தோட்டத்தின் 31 இடங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதையும் எழுதினார். ஒரு படத்தில் ஒரு மரத்தடி, இன்னொன்றில் ஒரு படித்துறை, மற்றொன்றில் வாழை நட்ட திண்ணை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு ஓவியம் தேவைப்படும் அளவுக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமே இல்லை. இடத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கவிதையாக்கினால் ஒரு மரத்தடியும் ஊராகிவிடும் என்பது அந்த மனிதர்களின் கணக்கு. 18 ஆண்டுகள் கழித்து, 1551-இல், 80 வயது தாண்டிய பிறகு அதே தோட்டத்தை மறுபடியும் வரைந்தார். அதில் எட்டு ஓவியங்கள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில்.

● வென் ஜெங்மிங் கையால் நட்டது என்று சொல்லப்படும் விஸ்டீரியா கொடி ஒன்று தோட்டத்துக்கு அடுத்த வளாகத்தில் இன்னும் பூக்கிறது. பக்கத்தில் 2006-இல் திறந்த சூஜோ அருங்காட்சியகத்தின் முற்றத்தில் நிழல் தருவது அந்தக் கொடியிலிருந்து எடுத்து வளர்த்ததுதான். கட்டடத்தை வடிவமைத்தவர் ஐ. எம். பே. பாரிஸ் லூவ்ருக்குக் கண்ணாடிப் பிரமிடு வைத்தாரே, அவரேதான். எளிய அதிகாரியின் தோட்டத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சுவர் நிற்கிறது. அதன் அடியில் கற்களைப் பலகைகளாக அறுத்து, ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்திவைத்தார் பே. முன்னால் தண்ணீர். தள்ளி நின்று பார்த்தால் சுவர் தாளாகிவிடும், கற்கள் மங்கலான மலைத்தொடராகிவிடும். சோங் காலத்து ஓவியர் மி ஃபூவின் மழைமலைகளை மனதில் வைத்துச் செய்தது. அப்போது பேவுக்கு 89 வயது.

● பேவின் சிறுவயதுக் கோடை விடுமுறைகள் கழிந்தது சூஜோவின் சிங்கத் தோப்பில். அந்தத் தோட்டத்தை 1917-இல் அவருடைய குடும்பத்தார் வாங்கியிருந்தார்கள். சிங்கங்களைப் போல வளைந்து நெளிந்த பாறைகள், குகைகள், ஏறியும் இறங்கியும் போகும் பாதைகள் என்று ஒளிந்து விளையாடுவதற்கென்றே கட்டியது போன்ற இடம். உண்மையில் 1342-இல் ஒரு பௌத்த மடமாகத் தொடங்கியது. எதிரே ஒருவர் கை நீட்டும் தூரத்தில் தெரிவார். அவரிடம் போவதற்குள் மூன்று குகை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

● சிங்கத் தோப்பை 1373-இல் நி ஜான் என்ற மேதை வரைந்தார். அந்தச் சுருள் ஓவியம் நான்கு நூற்றாண்டு கழித்துச் சியென்லோங் பேரரசர் கையில் கிடைத்தது. ஓவியத்தில் மயங்கிய அரசர், தெற்கே வந்தபோது அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது என்று கண்டு, ஓவியத்தையும் தோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆசை அடங்கவில்லை. தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு சிங்கத் தோப்பு, செங்டே கோடை அரண்மனையில் இன்னொரு சிங்கத் தோப்பு என்று இரண்டு கட்டிக்கொண்டார். தோட்டத்தைப் பார்த்து ஓவியம், ஓவியத்தைப் பார்த்துத் தோட்டம். எது மூலம், எது நகல்?

● இதைவிட விசித்திரமானது ஜீ யுவான் என்ற தோட்டத்தின் கதை. 1627-இல் ஜாங் ஹோங் என்ற ஓவியர் அதை 20 ஏடுகளில் வரைந்தார். முதல் ஏட்டில் பறவை வானத்திலிருந்து பார்ப்பது போல முழுத் தோட்டமும். மற்ற ஏடுகளில் அதே தோட்டத்துக்குள் இறங்கி நடப்பது போல ஒவ்வொரு மூலையும். எந்த ஏட்டை எடுத்தாலும் அது முதல் ஏட்டில் எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். அந்தக் காலச் சீன ஓவியத்தில் இப்படி யாரும் செய்ததில்லை என்று வியந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கேஹில். ஏடுகள் பிரிந்து, சில லாஸ் ஏஞ்சலிஸிலும் சில பெர்லினிலும் சேர்ந்துவிட்டன. தோட்டம் எந்த ஊரில் இருந்தது என்பதே பல காலம் புதிராக இருந்தது. கடைசியில் அதன் சொந்தக்காரர் வூ லியாங் எழுதிய நூலை வைத்துச் சாங்ஜோ நகரத்தில் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். தரையில் இன்று ஒரு செங்கல் கிடையாது. ஆனால் அந்த 20 ஏடுகளை வைத்து உள்ளே நடந்துபோகலாம்.

● இல்லாத தோட்டத்துக்கும் வர்ணனை எழுதியவர்கள் உண்டு. மிங் காலத்தின் இறுதியில் லியு ஷிலோங் என்பவர் தம் தோட்டத்துக்கு 'இல்லாத தோட்டம்' என்றே பெயர் வைத்தார். புகழ்பெற்ற பழைய தோட்டங்களெல்லாம் அழிந்து இப்போது காகிதத்தில்தானே இருக்கின்றன, அப்படியானால் முதலிலிருந்தே காகிதத்தில் இருந்தால் என்ன குறை என்பது அவர் வாதம். பராமரிப்புச் செலவு இல்லை, யாரும் அபகரிக்க முடியாது. நல்ல வக்கீலாக வந்திருக்க வேண்டியவர்.

● எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் காவ் ஷுவேசின் எழுதிய 'செம்மாடக் கனவு' நாவலில் வரும் தாகுவான்யுவான் முழுக்க முழுக்கக் கற்பனைத் தோட்டம். 1980-களில் நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது பெய்ஜிங்கில் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

● கைச்சுருள் ஓவியத்தைச் சுவரில் மாட்ட மாட்டார்கள். மேசையில் வைத்து, வலக்கைப் பக்கத்திலிருந்து ஒரு கை நீளம் விரித்துப் பார்த்துவிட்டு, பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே அடுத்ததை விரிப்பார்கள். இப்போது பார்ப்பது ஒன்று, போனது சுருண்டுவிட்டது, வருவது இன்னும் விரியவில்லை. சீனத் தோட்டத்துத் தாழ்வாரமும் இதே போலத்தான் வளைந்து வளைந்து போகும். ஒரு திருப்பத்தில் தெரிவது அடுத்த திருப்பத்தில் தெரியாது.

● சூஜோவின் சாங்லாங் மண்டபத் தோட்டத்தில் 108 பின்னல் சாளரங்கள். ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. 11-ஆம் நூற்றாண்டில் பதவி பறிபோன கவிஞர் சூ ஷுன்சின் இந்த இடத்தை 40,000 காசுக்கு வாங்கினார்.

● எளிய அதிகாரியின் தோட்டத்தில் மழையைக் கேட்பதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. சுற்றிலும் வாழை, மூங்கில், குளத்தில் தாமரை. ஒவ்வொரு இலையிலும் மழை ஒவ்வொரு விதமாக விழும். இன்னொரு மண்டபத்துக்குப் பக்கத்தில், குளிர்காலம் வந்து கருகிய தாமரை இலைகளைக்கூட அள்ளிப் போடாமல் விட்டுவைப்பது வழக்கம். அசிங்கமாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. அந்தக் காய்ந்த இலையில் மழை விழும் சத்தத்தைத் தாங் காலத்துக் கவிஞர் லி ஷாங்யின் புகழ்ந்திருக்கிறார். அதே தோட்டத்தின் மேற்குப் பகுதியில் நீலக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் உள்ள கூடம் ஒன்று உண்டு. கொளுத்தும் வெயிலில் அதன் வழியாக வெளியே பார்த்தால் தோட்டம் முழுக்கப் பனி கொட்டிக் கிடப்பது போல இருக்கும்.

● மழையே பெய்யாத சூஜோ தோட்டம் ஒன்றும் இருக்கிறது. வலைஞர் தோட்டத்தின் ஒரு முற்றத்தை மாதிரியாக வைத்து, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் உள்ளே கட்டி 1981-இல் திறந்தார்கள். இதற்காகச் சூஜோவிலிருந்து 27 பேர் போனார்கள். தூண்களுக்கு 'நான்' என்ற அரிதான மரம், ஓடுகளுக்கு மறுபடியும் மூட்டப்பட்ட பழைய சூளை என்று எல்லாம் முறைப்படி. ஆனால் மேலே கண்ணாடிக் கூரை. வெளிச்சம் மட்டும் வரும், வேறெதுவும் வராது.

● பாறைப் பைத்தியம் என்றால் அது சீனர்களுக்குத்தான். தாய்ஹூ ஏரிக் கற்களுக்கு நான்கு லட்சணம் பார்ப்பார்கள்: ஒல்லியாக இருக்க வேண்டும், சுருக்கம் இருக்க வேண்டும், ஓட்டை இருக்க வேண்டும், இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். இயற்கையாகக் கிடைக்காவிட்டால், உளியால் துளை போட்டு, மறுபடியும் ஏரியிலேயே இறக்கி, அலை அடித்து வழவழப்பாகும் வரை விட்டுவைப்பார்கள். அப்பா இறக்கிய கல்லை மகன் எடுப்பான். மேலே சொன்ன மி ஃபூ அழகான ஒரு கல்லைப் பார்த்ததும், உடுப்பை ஒழுங்காக அணிந்துகொண்டு விழுந்து கும்பிட்டு, 'அண்ணா' என்று கூப்பிட்டாராம்.

● இந்தப் பைத்தியத்துக்குப் பலியான பெரிய ஆள், சோங் பேரரசர் ஹுய்சோங். தாமே தேர்ந்த ஓவியர். ஒரு விசித்திரப் பாறையைப் படமாக வரைந்து, பக்கத்தில் தம் கையாலேயே கவிதையும் எழுதியிருக்கிறார். தலைநகர் கைஃபெங்கில் கென்யூ என்ற செயற்கை மலையை 1122-இல் கட்டி முடித்தார். அதற்குத் தெற்கிலிருந்து கல் ஏற்றிய படகுகள் வருவதற்காக இடைப்பட்ட பாலங்களை இடித்தார்கள். மக்கள் கொதித்தார்கள். 1120-இல் ஃபாங் லா என்பவர் தலைமையில் கலகமே மூண்டது. சில வருஷத்தில் ஜுர்சென் படை தலைநகரை முற்றுகையிட்டபோது, கென்யூ பாறைகளை உடைத்துக் கவண்பொறியில் வைத்து எதிரிமேல் எறிந்தார்கள். அங்கே வளர்ந்த மான்கள் படைவீரர்களின் பசிக்குப் போயின. 1127-இல் ஹுய்சோங் கைதியாக வடக்கே கொண்டுபோகப்பட்டார்.

● ஒரே கல்லைப் பத்துப் பக்கத்திலிருந்து வரைந்திருக்கிறார் வூ பின், 1610-இல். கல்லின் சொந்தக்காரர் மி வான்ஜோங், மி ஃபூவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். கல் அப்படியே நிற்கிறது. நாம்தான் அதைச் சுற்றி வருகிறோம். பத்துப் படத்திலும் பத்து மலை, பத்து நெருப்பு. 2020-இல் பெய்ஜிங்கில் அந்தச் சுருள் ஏலம் போன விலை சுமார் 51 கோடி யுவான். நம் காலத்துச் சிற்பி ஜான் வாங் 1995 முதல் இத்தகைய பாறைகளின் மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி, அதே உருவத்தில் பளபளக்கும் எஃகுப் பாறைகள் செய்கிறார். கல்லுக்குள் காலம் தெரியும் என்பார்கள். இதில் பார்க்கிறவர் முகம்தான் தெரியும்.

● தண்ணீரால் மணி சொன்ன தோட்டமும் ஒன்று இருந்தது. பெய்ஜிங்கை ஒட்டிய யுவான்மிங்யுவானில், சியென்லோங் காலத்தில், ஒரு மாளிகையின் முன்னால் 12 உருவங்கள் உட்கார்ந்திருந்தன. மனித உடல் கல்லில், மிருகத் தலை வெண்கலத்தில்: எலி, எருது, புலி, முயல் என்று சீன ஆண்டுச் சக்கரத்தின் 12 விலங்குகள். பழைய சீனக் கணக்கில் ஒரு நாளுக்கு 12 பொழுது, ஒவ்வொன்றும் நம் இரண்டு மணி நேரம். எந்தப் பொழுது நடக்கிறதோ அந்த விலங்கின் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். உச்சிவேளையில் 12 வாயிலிருந்தும் ஒரே நேரத்தில்! வடிவமைத்தவர் அரசவை ஓவியராக இருந்த இத்தாலியப் பாதிரியார் காஸ்டிலியோனே. தண்ணீர் வேலை பிரெஞ்சுப் பாதிரியார் பெனுவா. 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அந்த அரண்மனையைக் கொள்ளையடித்தன, எரித்தன. தலைகள் உலகெங்கும் சிதறின. எலியும் முயலும் 2009-இல் பாரிஸ் ஏலத்துக்கு வந்து பெரும் சண்டையாகி, 2013-இல் சீனா போய்ச் சேர்ந்தன. 2019-இல் குதிரை திரும்பியதோடு சேர்த்து ஏழு தலைகள் அங்கே. 1744-இல் தாங் தாய், ஷென் யுவான் இருவரும் பட்டில் வரைந்த அந்தத் தோட்டத்தின் 40 காட்சிகள் மட்டும் இன்றும் பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில்.

● சியென்லோங்குக்கு இன்னொரு ஆசை. பாட்டனார் காங்ஷி 61 ஆண்டு ஆண்டார், நான் அவரை மிஞ்சக் கூடாது, 60-இல் இறங்கிவிடுவேன் என்று சபதம். ஓய்வு பெற்ற பிறகு இருப்பதற்காக 1771 முதல் 1776 வரை பெய்ஜிங் அரண்மனைக்குள்ளேயே ஒரு தோட்டம் கட்டினார். அதன் கடைசிக் கூடத்தில் நுழைந்தால் அண்ணாந்து பார்க்கும் இடமெல்லாம் விஸ்டீரியா பூத்துத் தொங்கும். எல்லாம் பட்டில் வரைந்து கூரையில் ஒட்டியது. சுவரிலும் ஒரு தோட்டம், வட்ட வாசல், மூங்கில் வேலி. எதிரே நிஜமாகவே ஒரு வேலி நிற்கும்; கிட்டே போய்ப் பார்த்தால் அதுவும் மூங்கில் இல்லை, மரத்தில் செதுக்கி மூங்கில் போல வண்ணம் பூசியது. பெய்ஜிங் குளிரில் வருஷம் முழுக்க வசந்தம். காஸ்டிலியோனேயிடம் கற்றவர்களின் கைவண்ணம் இது. சொன்னபடி 1796-இல் முடி துறந்தார் சியென்லோங். ஆனால் பழைய அரண்மனையை விட்டு இங்கே குடிவரவே இல்லை. பாழடைந்து கிடந்த கூடத்தைச் சீர்செய்து முடித்தது 2008-இல்.

● அந்தத் தோட்டத்து மண்டபம் ஒன்றின் கல் தரையில், பாம்பு போல நெளியும் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள், ஒரு சாண் அகலம்கூடத் தேறாது. செய்குன்றுக்குப் பின்னால் மறைத்த தொட்டியிலிருந்து அதற்குத் தண்ணீர். எதற்கு என்றால், கி.பி. 353-இன் ஒரு வசந்த நாளைத் திரும்பக் கொண்டுவர! அன்று லாந்திங் என்ற இடத்தில் எழுத்துக்கலை மேதை வாங் ஷிஜியும் 40-க்கும் மேற்பட்ட நண்பர்களும் ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். மதுக்கிண்ணம் மிதந்து வந்து யார் முன் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் மூன்று கிண்ணம் குடிக்க வேண்டும். (தண்டனையா, பரிசா?) 1,400 ஆண்டுகள் கழித்து, அரண்மனைக்குள் கூரைக்குக் கீழே அந்த ஓடை.

● நான்கு பருவங்களையும் ஒரே நடையில் பார்த்துவிட யாங்ஜோ நகரத்துக் கே யுவானுக்குப் போக வேண்டும். உப்பு வியாபாரி ஹுவாங் ஜியுன் 1818-இல் கட்டியது. 'கே' என்ற சீன எழுத்து மூன்று மூங்கில் இலை போல இருக்கும். இரண்டு 'கே' சேர்த்து எழுதினால் மூங்கில். வாசலில் மூங்கில் கூட்டம், நடுவே குருத்து முளைத்தது போல மெல்லிய கற்கள்: அது வசந்தம். உள்ளே சாம்பல் நிறத் தாய்ஹூ கற்களால் ஒரு குன்று, கீழே குளம், குளிர்ந்த குகை: கோடை. அடுத்தது மஞ்சள் கற்களால் உயர்ந்த குன்று. மாலை வெயில் பட்டால் காடே பழுத்தது போல இருக்கும். இலையுதிர்காலம். நான்காவதுதான் அசத்தல். வெயில் படாத சுவர் ஓரத்தில் வெண்மையான படிகக் கற்களை அடுக்கிவிட்டார்கள். பனி பெய்து கரையாமல் கிடப்பது போலவே இருக்கிறது. அதற்குப் பின்னாலிருக்கும் சுவரில் வரிசையாக 24 வட்டத் துளைகள். காற்று அதில் புகும்போது குளிர்கால ஊதல் காற்றின் ஊளைச் சத்தம் கேட்கும். குளிரைக் கண்ணுக்குக் காட்டியது போதாதென்று காதுக்கும் காட்டியிருக்கிறார் உப்பு வியாபாரி. அதே முற்றத்தின் பக்கச் சுவரில் வட்ட ஜன்னல். எட்டிப் பார்த்தால் வாசலில் விட்டுவந்த மூங்கில்கள்.

● பெரிய தோட்டம் கட்டப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? சூஜோவில் சாங்லாங் மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஷென் ஃபூ (1763-இல் பிறந்தவர்) சின்ன வயதிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார். கொசுவலைக்குள் கொசுக்களை விட்டுப் புகை போட்டு, மேகத்தில் பறக்கும் நாரைகளாக அவற்றைப் பார்ப்பார். கொல்லைப் புல்லைக் காடாகவும் பூச்சிகளைக் கொடும் விலங்குகளாகவும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மலை போல ஒன்று வந்து இரண்டு 'விலங்கு'களை நாக்கை நீட்டி விழுங்கிவிட, அலறிவிட்டார். தேரை.

பெரியவரான பிறகு 'மிதக்கும் வாழ்வின் ஆறு பதிவுகள்' என்று எழுதினார். ஆறில் நான்குதான் கிடைத்தன. கையெழுத்துப் பிரதி பழைய புத்தகக் கடையில் கண்டெடுக்கப்பட்டு 1877-இல் அச்சானது. அதில் அவர் மனைவி சென் யுன் தேநீர் போடும் விதம் வருகிறது. தாமரை மாலையில் கூம்பும், காலையில் விரியும். கூம்புவதற்கு முன் மெல்லிய துணிப் பொட்டலத்தில் கொஞ்சம் தேயிலையைப் பூவின் நடுவில் வைத்துவிடுவார். விடிந்து பூ விரிந்ததும் எடுத்து, சுடுநீரில் போடுவார். ஒரு பூவின் ஓர் இரவு ஒரு கோப்பையில்.

கணவனும் மனைவியுமாக ஒரு நீளத் தொட்டியில் மலை ஒன்றும் கட்டினார்கள். பாறைகளை ஒட்டி அடுக்கி, ஓரத்தில் தண்ணீர் விட்டு நீர்ப்பூ வளர்த்து, பாறைமேல் கொடியைப் படரவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் கொடி மலை முழுக்கப் படர்ந்து சிவப்பாகப் பூத்தது. கீழே வெள்ளைப் பூக்கள். தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு இருவரும் திட்டம் போட ஆரம்பித்தார்கள்: இங்கே ஒரு மண்டபம் கட்டலாம், இங்கே ஒரு குடிசை போடலாம், இந்த இடத்தில் நாம் குடியிருக்கலாம். ஓர் இரவு சோற்றுக்குச் சண்டை போட்ட பூனைகள் கூரையிலிருந்து விழுந்து தொட்டியையும் மலையையும் சுக்குநூறாக்கிவிட்டன. இருவரும் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.